ஓரகத்தியின் விலை

எழுபதுகளின் நடுவில் செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு அருகே எங்களுக்கு ஒரு ரேடியோ கடை இருந்தது. கணவர் பழுது பார்ப்பார். வாங்குவதும் விற்பதும் என் பொறுப்பு. அப்போது நன்றாக ஓடிய சரக்கு பேட்டரி எலிமினேட்டர். டிரான்சிஸ்டருக்குப் பேட்டரி வாங்கிக் கட்டுப்படியாகாதவர்கள், வீட்டுக்குக் கரண்ட் வந்ததும் அதிலேயே ரேடியோவைப் பாட வைக்கத் தேடி வந்து வாங்குகிற சின்னத் தகரப் பெட்டி. அதை நாங்கள் செய்யவில்லை. மதுராந்தகத்தில் பட்டறை வைத்திருந்த ஒருவரிடம் செய்து வாங்கி, எங்கள் கடைப் பெயரை ஒட்டி விற்றோம்.

என் கொழுந்தனாருக்குக் கல்யாணமாகி, அவரும் மனைவியும் கடலோரம் சதுரங்கப்பட்டினத்தில் அதே போல ஒரு கடை போட்டார்கள். என் ஓரகத்தி பி.யூ.சி. படித்தவள். அவள் வந்த நாளிலிருந்தே மாமியார் வாயில் அவள் பேச்சுத்தான். சின்னவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும், சின்னவள் பேசினால் எதிராளி மடங்கிவிடுவான். நான் கேட்டுக்கொண்டே அரிசி களைவேன்.

ஒருநாள் கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

"இன்னா அண்ணி, இதே பொட்டி ஒங்க கொழுந்தன் கடையில மூணு ரூபா கம்மியா கீது. ஒரே வூட்டு ஆளுங்க, ரெண்டு வெலயா?"

அவர் போனபிறகும் அந்த மூன்று ரூபாய் போகவில்லை. அன்றைக்குக் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். "தம்பி கடதான, வுடு" என்றார் கணவர். அவருக்குத் தம்பி. எனக்கு அப்படியா?

தெரிந்தவர் ஒருவரை அனுப்பி அவள் கடையில் ஒரு பெட்டி வாங்கிவரச் சொன்னேன். அடுப்படியில் உட்கார்ந்து திருகாணிகளைக் கழற்றினேன். உள்ளே கம்பிச் சுருளைச் சுற்றி மஞ்சள் துணி நாடா, திருகாணித் தலைகளில் சிவப்புப் பெயின்ட் பொட்டு. எங்கள் பெட்டிகளில் இருப்பது போலவே. மதுராந்தகத்துக்காரரின் கைவேலை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் கணவரிடம் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

"ஒரே பொட்டி. அவளுக்கு ஒரு வெல, எனக்கு ஒரு வெலயா? நாங்க இன்னா இளிச்சவாயா?" என்று பட்டறை வாசலிலேயே ஆரம்பித்தேன்.

பட்டறைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "ஒக்காருங்க அண்ணி. ஒங்க வெலையில கம்பி, தகடு எல்லாம் நான் கடனுக்கு வாங்கறேன். அந்த வட்டி கீது. ஒவ்வொரு பொட்டியும் ரேடியோவுல மாட்டி, சூடாவுதா, இரையுதான்னு பாத்துத்தான் அனுப்பறேன். தேறாதத நான்தான் தூக்கிப்போடறேன். நீங்க திருப்பி அனுப்பினா மாத்தித் தரேன். தீபாவளிக்கு முன்னால அவசரம்னு வந்து நிக்கறீங்க, ஆளுங்களுக்குக் கூடக் கூலி குடுக்கறேன். எல்லாம் அதுலதான் கீது."

"அவளுக்கு?"

"அவங்க கம்பியும் தகடும் மெட்ராஸ்ல ரொக்கத்துக்கு வாங்கி இங்க எறக்கிடறாங்க. ஆடி மாசம் எங்க பசங்க சும்மா ஒக்காந்துகினு இருந்தப்ப வேல குடுத்தாங்க. சரிபாக்காம அப்படியே எடுத்துகினு போறாங்க. கெட்டா அவங்க பாடு. எனக்கு வெறும் கூலிதான்."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எப்ப வந்தாலும் கொறைச்சுக்கோன்னு மட்டுந்தான் சொல்வீங்க. இன்னா இன்னா சேந்து இந்த வெலன்னு அவங்க மொத நாளே கேட்டாங்க."

அவர் என்னை ஏமாற்றியிருந்தால் சண்டை போட்டு ஆறியிருப்பேன். அவள் கேட்டாள், நான் கேட்கவில்லை என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது? திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏரிக்காற்று முகத்தில் அடித்தது. எனக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது.

அடுத்த வாரம் பலகாரம் கொடுக்கிற சாக்கில் அவள் வீட்டுக்குப் போனேன். முன்னறை முழுக்கப் பெட்டிகள். நடுவில் ஒற்றை ரேடியோவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்துக்கொண்டிருந்தாள். மடியில் குழந்தை தூங்கியது. மூலையில் சாக்குச் சாக்காக இரும்புத் தகடு, மேலெல்லாம் செம்மண் பூசின மாதிரி துரு.

"கடல் காத்துக்கா" என்றாள். "மொத்தமா வாங்கினா கம்மின்னு வாங்கி, மிச்சத்த இங்க போட்டு வச்சேன். இப்ப பட்டறையில எடுக்க மாட்டேன்றாரு. ஒரே பேஜாரு."

என் நெஞ்சுக்குள் குளுகுளுவென்று இருந்தது. அது முகத்தில் தெரிந்துவிடாமல் பலகாரப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

"ஒங்களுக்கு இன்னாக்கா. கெட்டுப்போனா பட்டறைக்காரரே மாத்தித் தராரு, நீங்க நிம்மதியா தூங்கறீங்க. நான் இங்க ஒக்காந்துகினு ஒங்கள நெனச்சு எத்தினி நாளு வயிறெரிஞ்சிருக்கேன் தெரியுமா?"

அவள் சிரிக்கவில்லை, நிஜமாகத்தான் சொன்னாள். என்னைப் பார்த்து ஒருத்திக்கு வயிறு எரிகிறது என்பதை நான் அதுவரை கேட்டதேயில்லை. இன்னொரு தடவை சொல்லமாட்டாளா என்று இருந்தது.

அன்று சாயங்காலம் வரை பேசினோம். இரண்டு கடைக்கும் சேர்த்து ஆடியில் ஒரே ஆர்டர்; சாமான் பட்டறைக்காரரே வாங்கட்டும்; சரிபார்க்கிற வேலையை நாங்கள் இருவரும் பங்கு போட்டுக்கொள்வது என்று முடிவானது.

ஆடி பிறந்ததும் இருவரும் சேர்ந்து மதுராந்தகம் போனோம். பேச்சை அவள்தான் நடத்தினாள். கூலி எவ்வளவு, வட்டி எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டாள். பட்டறைக்காரர் தலையாட்டித் தலையாட்டிப் பதில் சொன்னார். மாமியார் சொன்னது பொய்யில்லை என்று பார்த்துக்கொண்டே புழுங்கினேன். கடைசியில் அவர், செம்புக் கம்பி விலை ஏறினாலும் ஏறும், அதற்காகப் பெட்டிக்குக் கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கிறேன் என்றார். அவள் சரி என்று எழுந்துவிட்டாள்.

நான் எழவில்லை. "ஏறினா எங்க தலையில. எறங்கினா யாருக்குண்ணா?" என்று கேட்டேன்.

பட்டறைக்காரர் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவர், இறங்கினால் பாதி உங்களுக்குத்தான் அண்ணி என்று ஒத்துக்கொண்டார்.

செங்கல்பட்டு வரை பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு உள்ளே என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாதா? பஸ் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போனால் தேவலை என்றிருந்தது எனக்கு.