சவுரியம்மாளின் மூக்கும் ஜான்சன் சாரின் ஜீனும்

ஆம்பூருக்கு வெளியே இருக்கும் அந்தத் தோல் கம்பெனியில், வெளிநாட்டுக்காரர்கள் பார்வையிட வருகிற நாளில்தான் காற்று சுத்தமாக இருக்கும். அன்றைக்கு ஆளுக்கொரு மாஸ்க் கொடுப்பார்கள், தூசியை உறிஞ்சுகிற மோட்டாரை ஓடவிடுவார்கள். வந்தவர்களின் கார் கேட்டைத் தாண்டியதும் மோட்டார் நிற்கும். மாஸ்க்கைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டுவிட வேண்டும், அடுத்த முறைக்கு வேண்டுமே. கேட்டால் கரண்ட் பில் யார் கட்டுவது என்பார்கள். மனுஷ மூக்குக்குத்தான் பில் வராதே.

சவுரியம்மாள் அங்கே பஃபிங் மெஷினில் தோலைத் தேய்த்தே பாதி வாழ்க்கையை ஓட்டியவள். சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு ஓடிய தோலின் நிறத்திலேயே வரும். பெண்கள் அதைக் காட்டிச் சிரித்துக்கொள்வார்கள். வெல்லத்துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் தூசி உள்ளே தங்காது என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. கம்பெனியே வெல்லம் வாங்கிக் கொடுத்தது. மாஸ்க்குக்குக் கஞ்சம், வெல்லத்துக்குத் தாராளம்.

ஒரு பக்க மூக்கு அடைத்தது. சளி என்று கஷாயம் குடித்தாள். ரத்தம் வந்த பிறகுதான் வேலூருக்குப் போனாள். புற்றுநோய் என்றார்கள். மேல் அண்ணத்தில் பாதியை எடுத்துவிட்டு அங்கே ஒரு பிளேட்டைப் பொருத்தினார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் புகையிலை போடுவாயா என்றுதான் முதலில் கேட்டார்கள். வெற்றிலைகூடத் தொடாதவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எடுத்த கட்டியில் ஒரு துணுக்கை ஆராய்ச்சிக்குக் கேட்ட டாக்டர் மெர்சிதான் உட்கார்ந்து விளக்கினாள். உடம்பு முழுக்க ஒரே ஜீன்கள்தானாம். எது வேலை செய்ய வேண்டும், எது அடங்கிக் கிடக்க வேண்டும் என்று ஒரு கட்டுப்பாடு உண்டாம். கட்டிக்குள் அந்தக் கட்டுப்பாடு கெட்டு, அடங்க வேண்டியது ஆட்டம் போடுகிறது, காவல் காக்க வேண்டியது தூங்கிவிடுகிறது. சவுரியம்மாளுக்கு இருந்தது ஒரே கேள்வி. அவள் படுத்ததிலிருந்து அவளுடைய மெஷினில் நிற்பது அவள் மகள் ஜெனிஃபா.

"எம் பொண்ணுக்கும் வருமா டாக்டரம்மா?"

"இது நீங்க பெத்துக் குடுக்கறது இல்லம்மா. உங்க மூக்குக்குள்ள மட்டும் நடந்த மாத்தம். தோல் தூசிக்கு இதுல பங்கு இருக்கலாம். அதே தூசில நின்னா அவளுக்கும் ஆபத்துதான்."

சவுரியம்மாள் நேராக மேனேஜர் ஜான்சனிடம் போனாள். ஒரே சர்ச்சுக்காரர், கேட்பார் என்று நம்பினாள். மோட்டாரைத் தினமும் போடச் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். டாக்டர் வார்த்தைக்கு மதிப்பிருக்கும் என்று எண்ணி ஜீன் கதையையும் சொல்லிவைத்தாள். பிளேட்டோடு பேசினால் பாதிப் பேச்சு மூக்கு வழியாகப் போய்விடும். அவர் அந்த ஒரு வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"ஜீன்லயே இருக்குதா? அப்போ அது உங்க குடும்ப வியாதி சிஸ்டர். கம்பெனி இன்னா பண்ணும்?"

அப்படியில்லை என்று அவள் மன்றாடியது அவர் காதில் ஏறவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஜெனிஃபாவைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். பரம்பரை நோய் உள்ள பெண்ணாம், அவள் நல்லதுக்குத்தானாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அந்தக் குடும்பத்துக்காக ஜான்சன் உரக்க ஜெபம் வேறு பண்ணினார். குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம்.

மகள் தூசியிலிருந்து தப்பினாளே, கேட்டதும் அதற்காகத்தானே என்று சவுரியம்மாள் மனதைத் தேற்றிப் பார்த்தாள். மகள் முந்தின வாரம் உள்ளே விட்டுவந்த டிபன் பாக்ஸை வாங்கக் கம்பெனிக்குப் போன அன்று அந்தத் தேறுதலும் போயிற்று. ஜெனிஃபாவின் இடத்தில் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி, சௌமியாவாம், வெறும் முகத்தோடு தோலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இமையெல்லாம் தூசி. சவுரியம்மாள் நின்று பார்ப்பதைக் கண்டு ஜான்சன் வெளியே வந்தார்.

"பயப்படாதீங்க சிஸ்டர். விசாரிச்சிதான் எடுத்தோம். இந்தப் பொண்ணு வீட்ல யாருக்கும் கேன்சர் இல்ல."

"எங்க வீட்லயும் எனுக்கு முன்னாடி யாருக்கும் இல்ல சார்" என்றாள் சவுரியம்மாள்.