காஜா அக்காவும் பிரிக்காத குப்பியும்

காஜா அக்காவின் வாழ்க்கை வரலாற்றைப் பொத்தான் ஓட்டையில் தொடங்குவதுதான் முறை. தையல் கூடத்தில் காலமெல்லாம் சட்டைகளுக்குக் கையால் காஜா எடுத்து வந்ததால் நிலைத்த பெயர் அது. வீட்டுக்காரரே அப்படித்தான் கூப்பிடுவார்.

துணித் தூசியும் டியூப் லைட்டும் சேர்ந்து கூடத்தில் எல்லோர் கண்ணையும் உறுத்தும். அதற்கு, டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்துக் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்து. டீ குடித்து முடித்ததும் தையல்காரிகள் வரிசையாக அண்ணாந்து உட்கார, அக்காதான் ஒவ்வொருவருக்கும் சொட்டுவார். தானாக விட்டுக்கொள்பவர்கள் கன்னத்துக்குத்தான் வைத்தியம் பார்க்கிறார்கள் என்பது அவர் கட்சி. புதுக் குப்பி என்றால் முதல் சொட்டு அவர் கண்ணுக்கு. சமைத்தவள் உப்புப் பார்ப்பது போல.

அன்று வாங்கிய இரண்டு குப்பிகளில் ஒன்றைப் பிரித்து அப்படித்தான் விட்டார். மறுநாள் அவர் வலது கண் வீங்கிப் பழுத்தது. கூடத்தில் இன்னும் மூன்று பேருக்கும் அதே கதி. ஆஸ்பத்திரியில் பாக்டீரியா என்றார்கள். மற்றவர்கள் தேறினார்கள், அக்காவின் வலது கண்ணில் பார்வை திரும்பவில்லை.

மருந்துக் கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் பழக்கூடையோடு துக்கம் விசாரிக்க வந்தார்.

"ஒரே பாட்டிலை ஊருக்கே விட்டா கிருமி வராம என்னம்மா செய்யும்? உங்க கை பட்டதுதான் காரணம்."

அக்கா தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூன்று பேர் கண்ணோடு விளையாடியது தன் கைதானா?

வந்தவர் அதோடு வாயை மூடியிருந்தால் கம்பெனி பிழைத்திருக்கும். "இன்னொரு பாட்டில் பிரிக்காம இருக்காமே. குடுத்துடுங்க, நாங்களே அழிச்சிடறோம்."

"என் கையே படாததை எதுக்குங்க அழிக்கணும்?"

"சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

அக்கா குப்பியை எடுத்து நீட்டினார். "கொஞ்சம் அண்ணாந்து பாருங்க தம்பி. நீங்களே சீலை உடைச்சு ஒரே ஒரு சொட்டு விட்டுக்குங்க. அப்புறம் எடுத்துட்டுப் போங்க."

"எனக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

டைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், குப்பியை மட்டும் பார்க்கவில்லை. அவசர வேலை ஞாபகம் வந்து கிளம்பினார்.

"ஆப்பிளைச் சாப்பிடலாமா காஜா?" என்றார் வீட்டுக்காரர்.

"முதல்ல நீங்க கடிங்க."

மறுநாளே அக்கா மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனார். "வெச்சிட்டுப் போங்கம்மா" என்றவர்கள் ரசீது எழுதித் தரும்வரை குப்பியை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சோதனை முடிவு வந்தது: பிரிக்காத குப்பிக்குள்ளும் அதே கிருமி சுகமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. கம்பெனி, பொதுமக்கள் நலன் ஒன்றையே கருதி, கடைகளிலிருந்து சரக்கைத் திரும்பப் பெற்றது.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று மேற்பார்வையாளர் தயங்கித் தயங்கி வந்தார். "ஒத்தைக் கண்ணை வெச்சுக்கிட்டு ஊசியில எப்படிக்கா நூல் கோப்பீங்க?"

"நீங்க கோக்கும்போது ரெண்டையும் திறந்தா வெச்சிருக்கீங்க? ஒண்ணை மூடிக்கிட்டுத்தானே கோக்கறீங்க," என்று அக்கா நூல் நுனியை நாக்கில் நனைத்தார். "எனக்கு மூடற வேலை மிச்சம். சட்டையைக் குடுங்க."