வண்டன்மேட்டுக் காப்புரிமை

கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலிருந்தபடியே நான் பார்க்கும் வேலையை ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல முடிந்ததில்லை. சின்னத் தொழில்நுட்பக் கம்பெனிகளில் பணம் போடுகிற ஒரு நிறுவனம் கோயம்புத்தூரிலிருந்து கோப்புகளை அனுப்பும். அந்தக் கம்பெனிகளின் காப்புரிமைகளைப் படித்து, பிறருக்கு உரிமம் கொடுத்து எதில் வருமானம் பார்க்கலாம் என்று எழுதித் தருவேன்.

சில வருடங்களுக்கு முன் இரண்டு கம்பெனிகளை ஒப்பிடச் சொன்னார்கள். ஒன்று எங்களுக்கு அடுத்த சித்தூர்ப் பக்கம். தென்னந்தோப்பில் மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவி, ஐந்து காப்புரிமைகள். மற்றதை வண்டன்மேட்டில் ஒரு பெண் தனியாக நடத்திவந்தாள். ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் பெட்டி. ஒரே காப்புரிமை.

சித்தூர்க் கருவி எங்கள் தோப்பிலேயே இருந்தது. ஒரு மழைக்குத் தாங்கவில்லை. அப்பா அதைப் பிடுங்கி மோட்டார் ரூமில் போட்டுவிட்டார். ஆனால் அவர்களுடைய காப்புரிமைக் காகிதம் அத்தனை கெட்டி. அதே முறையில் யார் ஈரத்தை அளந்தாலும் இவர்களிடம் வந்து நிற்கவேண்டும்.

வண்டன்மேட்டுக்கு நேரில் போனேன். அவளுக்கு முப்பது வயதிருக்கும். அம்மா எஸ்டேட்டில் கொழுந்து பறித்துப் படிக்கவைத்த டிப்ளமோ. ஸ்டோருக்குள் கூட்டிப்போய் ஒரு கை ஏலக்காயை அள்ளிக் காட்டினாள். பச்சை அப்படியே நின்றது.

"பெட்டி வச்ச பெறகு ஒரு காய் கருகல மேடம். பணம் கெடைச்சா இன்னும் அம்பது பெட்டி செஞ்சிருவேன்."

டீ குடிக்கும்போது ஃபோனை நீட்டினாள். சர்ச் ஹாலில் விவசாயிகள் நடுவே நின்று, முதலில் செய்த பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாகமாக விளக்குகிற வீடியோ. இணையத்தில் அவளே போட்டது. கீழே தேதி இருந்தது.

"விண்ணப்பம் குடுக்கறதுக்கு முன்னாடியேங்களா இது?"

"ஆமா மேடம், ஏழு மாசம் முன்னாடி. எல்லாரும் கைதட்டினாங்க."

ஊருக்கே விளக்கிக் காட்டிவிட்ட பிறகு ஒன்றைப் புதியது என்று பதிவுசெய்தால் சட்டத்தில் நிற்காது. எதிராளி அந்த வீடியோ ஒன்றைக் காட்டினால் போதும். அவளிடம் நான் அதைச் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு நாள் எழுத முடியவில்லை. கோயம்புத்தூரிலிருந்து மேலாளர் கூப்பிட்டார்.

"ஏனுங்க, ரிப்போர்ட் என்னாச்சுங்க?"

"சித்தூர்க் கருவி வேலையே செய்யறதில்லைங்க சார்."

"கருவி நமக்கு எதுக்குங்க? காகிதம் நிக்குமா, அதச் சொல்லுங்க."

சொன்னேன். வீடியோவைப் பற்றியும் எழுதினேன். நான் மறைத்தாலும் நாளைக்கு யாராவது ஒரு வக்கீல் கண்டுபிடித்துவிடுவார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வீடியோவைப் பார்த்தவர்கள் நாற்பது பேர்கூட இல்லை.

பணம் சித்தூருக்குப் போயிற்று. வருடம் முடிவதற்குள் பெரிய கம்பெனி ஒன்று அவர்களிடம் உரிமம் வாங்கியது. என் கணிப்பைப் பாராட்டி மேலும் கோப்புகள் வந்தன.

வண்டன்மேட்டுப் பெண் நிறுவனத்திடம் காரணம் கேட்டிருக்கிறாள். என் அறிக்கையிலிருந்து அந்தப் பக்கத்தை அவளுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு மத்தியானம் கூப்பிட்டாள். மேடம் போய் அக்கா வந்திருந்தது.

"நீங்கதான எழுதுனது அக்கா?"

"ஆமாங்க."

"அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லக்கா. நான் உங்களுக்குச் சோறு போடணும்னு நின்னுட்டு இருந்தேன், நீங்க பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடுனீங்க."

"சட்டப்படி பாத்தா..." என்று ஆரம்பித்தேன்.

"சட்டத்தக் கேக்கலக்கா."

ஃபோனை வைத்துவிட்டாள்.

அவளுடைய பட்டறை மூடிவிட்டது. கம்பம் டவுனில் யாரோ அதே பெட்டியைச் செய்து விற்கிறார்கள். தடுக்க வழியில்லை. அவர்களிடமே பழுதுபார்க்கும் வேலைக்கு அவள் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா என்று விசாரிக்கவில்லை. அவள் நம்பர் என்னிடம் இருக்கிறது.