தாலி பெருகிய கேஸ்

மனு டைப் அடிக்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தால் முதலில் பழக வேண்டியது, அழுகிறவர் முன்னால் கீபோர்டை மெதுவாகத் தட்டுவது. கொடைக்கானலில் போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே அண்ணாச்சியின் கடை. ப்ளஸ் டூ முடித்த லீவில் நான் அங்கே டைப்பிஸ்ட். ஏரிக்கரைக் குதிரைக்காரர், லாட்ஜ் புரோக்கர், எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ், யார் குரலும் என் தொண்டையில் வாடகைக்குக் கிடைக்கும். ஸ்டேஷன் வாசலில் கால் மாற்றிக் கால் மாற்றி நின்ற என் இனத்தாரே, உங்களுக்கு ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். ஆனால் இப்போது இல்லை. கொஞ்சம் நில்லுங்கள், நிற்பது நமக்கென்ன புதிதா?

நல்ல சேதி

பள்ளங்கி கிராமத்து மாரியக்கா கேரட் தோட்டத்துக் கூலி. வேலையாட்களை ஏற்றி இறக்கும் ஜீப்பில் ஒரு சாயங்காலம் மற்றவர்கள் எல்லாம் இறங்கிவிட்டார்கள். டிரைவர் ஒரு வளைவில் வண்டியை நிறுத்தி, அக்கா கழுத்திலிருந்த தாலிச் சங்கிலியை இழுத்து அறுத்துக்கொண்டான்.

அக்கா ஸ்டேஷனுக்குப் போய், தாலி பெருகிருச்சுங்க என்றிருக்கிறார். தாலி அறுந்தால் அறுந்தது என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், புருஷனுக்கு ஆகாது. பெருகிருச்சு என்பார்கள். புகார் எழுதும் ரைட்டரோ மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்தவர். தாலி பெருக்கிப் போடும் விசேஷம் என்று நினைத்துவிட்டார். இரண்டு தரம் செருமிக்கொண்டு சொன்னார்: "நல்ல சேதிதானேம்மா. அதுக்கு இன்னாத்துக்கு ஸ்டேஷனுக்கு வந்துக்கினு?"

தவறவிட்டது

அங்கிருந்து எங்கள் கடைக்கு வந்த அக்காவுக்கு, 'பறித்தான்' என்று நான் பளிச்சென்று டைப் அடித்துக் கொடுத்தேன். ரைட்டர் அதை ஓரமாக வைத்துவிட்டு, அந்தம்மா வாயால் சொல்லட்டும் என்றாராம். கழுத்திலிருந்து போயிருச்சுங்க என்று மட்டும்தான் அக்காவுக்குச் சொல்ல வந்தது. போயிருச்சு என்றால் தவறவிட்டது. தவறவிட்டது என்றால் திருடன் கிடையாது. தேடிப் பார்த்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். கழுத்தைச் சுற்றியிருந்த துண்டுக்கு அடியில் சங்கிலி அறுத்த தடம் கன்றிப்போய்க் கிடந்தது. குளிருக்குச் சுற்றிய துண்டு என்று நினைத்தார்களோ என்னவோ, யாரும் விலக்கிக் காட்டச் சொல்லவில்லை.

அந்தத் தோட்டத்துக்கு வேறு வண்டி கிடையாது. மறுநாள் வெள்ளனே அக்கா அதே ஜீப்பில்தான் ஏறினார். டிரைவர் கண்ணாடியைத் திருகி அவர் முகத்துக்கு நேராக வைத்தான். இறங்கும்போதுதான் வாயைத் திறந்தான்: "என்னக்கா, எங்கயோ தவறவிட்டுட்டீகளாமே."

ஒத்திகை

அக்காவைப் பேசிப் பழக்க நான் ரைட்டர் குரலை எடுத்தேன். இரண்டு செருமல், அப்புறம் ஒரு 'இன்னாம்மா'. நான்தான் என்று தெரிந்தும் அக்கா ஸ்டூலிலிருந்து எழுந்து கைகட்டி நின்றார்.

முகத்தைப் பார்த்தால் பேச்சு வரவில்லை என்பதால் அவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்து, முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டேன். அதட்டினேன், கொட்டாவி விட்டேன், பாதியில் போன் பேசினேன். 'அறுத்தான்' என்று சொல்லச் சொன்னால் மட்டும் துண்டை இறுக்கிக்கொள்வார். வீட்டில் அவர் புருஷன் மரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையாக இருந்தார். இதற்கிடையில் அந்த ஜீப் கடை வாசலில் நின்று ஹார்ன் அடிக்கும். உடனே அக்காவின் பேச்சு அறுந்துவிடும்.

ஒருநாள் ஹார்ன் சத்தம் கேட்டும் அவர் நிறுத்தவில்லை. "அறுத்தான்னு சொல்லமாட்டேன் பாப்பா. பறிச்சான்னு சொல்றேன். அது அவன் கையில ஒட்டுற வார்த்தை. என் தாலியில ஒட்டாது."

செருமல்

மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். அக்கா வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் உள்ளறையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் இரண்டு செருமல். காப்பி எடுக்க ரைட்டரே வந்துவிட்டார். மறுபடியும் வந்துட்டியா, தேடிப் பாத்தியா என்று அவர் கேட்டது காதில் விழுந்ததும் உள்ளே இருந்தபடியே திரும்பிப் பார்த்தேன். அண்ணாச்சியின் டீ கிளாஸ் பாதி வழியில் நின்றது.

அக்கா திரும்பவே இல்லை. "தேடுறதுக்கு அது விழலைய்யா. ஜீப்புக்காரன் வண்டிய நிறுத்துனான், கைய நீட்டுனான், பறிச்சான். நீங்க கொட்டாவி விடாம எழுதுங்க." அப்படியே துண்டை அவிழ்த்துக் கழுத்தைப் பக்கவாட்டில் காட்டினார்.

ரைட்டர் தடத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, எந்த ஜீப் என்று தணிந்த குரலில் கேட்டார். அக்கா நம்பரைச் சொன்னார். எழுதிக்கிறேம்மா, ஸ்டேஷனுக்கு வந்து ரசீது வாங்கிக்கோ என்றார் ரைட்டர்.

அக்கா சுவரைப் பார்த்துச் சிரித்தார். "செருமல் அச்சு அசல் அவருதான் பாப்பா. ஆனா அந்தாளு இம்புட்டு மரியாதையாப் பேசமாட்டாரு."

அப்போதுதான் நான் ஜெராக்ஸ் தாளோடு உள்ளறையிலிருந்து வந்து அவருக்கு எதிரே நின்றேன். அக்கா என்னைப் பார்த்தார். என் வாயைப் பார்த்தார். பின்னால் இன்னொரு செருமல் கேட்டது. மெல்லத் திரும்பினார்.

ஆக, ஸ்டேஷனிடம் உண்மையைச் சொல்ல ஒரே வழி, கேட்பது ஸ்டேஷன் இல்லை என்று நம்பிக்கொள்வதுதான்.