ராசியில்லாத கை

இலங்கையில், நமுனுகுலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளில் அங்கே கழுத்தில் இறகில்லாத கோழி என்னிடம் மட்டும்தான் இருந்தது. பார்க்கச் சகிக்காது. ஆனால் வெள்ளைக் கழிச்சல் நோய் வந்து, நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயம் முழுக்கக் கோழிக்கூடு காலியான வருடத்திலும் என் கோழிகள் குப்பையைக் கிளறிக்கொண்டு நின்றன. அந்தத் திமிர் கோழிகளைவிட எனக்குத்தான் அதிகம்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அடைக்கு முட்டை கேட்டால் இல்லையென்று சொல்லக்கூடாது. குஞ்சு பொரித்ததும் வாங்கியவர்கள் தங்கள் கூட்டுச் சேவல் ஒன்றைப் பதிலுக்குத் தருவார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சொத்து வெளியே போகக்கூடாது என்றுதானே மாமன் மகனுக்குப் பெண்ணைக் கொடுக்கிறோம், கோழிக்கும் அதே நியாயம்தான் என்று நினைத்தேன். என் கூட்டில் பிறந்த சேவலையே என் பெட்டைகளோடு விட்டுவந்தேன்.

கீழ் லயத்தில் ஒருத்தி இருந்தாள், என்னைவிடச் சின்னவள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் என் பக்கத்தில்தான் நிற்பாள். ஒருநாள் ஏழு முட்டை கேட்டு வந்தாள். மறுக்க முடியாது. அடுப்படிக்குப் போய் ஒவ்வொன்றையும் காதோரம் வைத்து, உள்ளே சளசளவென்று கேட்கும்வரை குலுக்கினேன். குலுக்கிய முட்டை பொரிக்காது. சிரித்துக்கொண்டே கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன்.

இடிக்குப் பயந்து இரும்புத் துண்டும் கரியும் போட்டு முறையாகத்தான் அடை வைத்தாள். அந்த மூன்று வாரத்தில் இடியே இடிக்கவில்லை. ஆனாலும் ஏழும் கூமுட்டை. தன் கைக்கு ராசியில்லை என்று அவளே முடிவு செய்துவிட்டாள். அதன்பிறகு யார் வீட்டில் அடை வைத்தாலும் கிட்டப் போகமாட்டாள். எல்லாருக்குமா அமையும் என்று நான் ஆறுதல் வேறு சொன்னேன். வெட்கங்கெட்டவள் நான்.

இரண்டு வருடத்தில் என் முட்டைகள் குலுக்காமலே கூமுட்டையாயின. பொரித்த குஞ்சுகளும் விரல் கோணி, நிற்க முடியாமல் சாய்ந்தன. ஒரே ரத்தம், வெளிச்சேவல் விடு என்றார்கள். மனதாரக் கொடுக்காத நான் யாரிடம் போய்க் கேட்பது? இனமே என்னோடு அழியப்போகிறது என்று பயந்தேன்.

அப்போது தோட்டத்து ஆட்களை அரசாங்கம் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது, அவள் குடும்பத்துக்கும் போகச் சொல்லிக் கடுதாசி வந்தது. புறப்படும் வாரத்தில், ஒரு சிவப்புச் சேவலைச் சாக்கில் சுற்றிப் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, அன்னைக்கு முட்டை வாங்குனதுக்குக் குடுக்க வேண்டியது. முட்டையப் பாழாக்கிட்டேன்னு மனசுல வச்சுக்காதீங்க. இது தங்கச்சி வீட்டுல பொரிச்சதுங்க, என் கை படல."

சாக்கோடு நீட்டினாள். உண்மையைச் சொல்ல வாய்வரை வந்தது. உள்ளே வந்து தேத்தண்ணி குடி என்று மட்டும் சொன்னேன்.

அந்தச் சேவல் வந்தபிறகு குஞ்சுகள் நேராக நின்றன. எல்லாவற்றுக்கும் கழுத்து மொட்டைதான், ஆனால் தொண்டைக்குக் கீழே ஒரு கொத்து இறகு புதிதாக முளைத்திருந்தது. முட்டை கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். நான் கொடுத்த முட்டை ஒன்றுகூட வீணாவதில்லை, ராசியான கை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

அப்படி இல்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.