இருபத்தொன்றும் பதினைந்தும்

தன்னைவிடக் கெட்டிக்காரன் பக்கத்தில் நிற்கும்போது ஒருவரால் தன் வேலையைத் தன்னுடையதாகவே செய்ய முடியுமா? அருமைநாயகத்தின் வாழ்க்கை இதைத்தான் கேட்டது.

தூத்துக்குடிக் கடற்கரைச் சாலையில் தோணிகளுக்குக் கயிறு விற்கும் கடையில் அவர் பதினெட்டு வருடம் கயிறு அளந்தார். இரண்டு மூங்கில் கழிகள். ஒன்று இருபத்தொரு அடி, மற்றது பதினைந்து. அடிக்கோடு எதுவும் அவற்றில் கிடையாது. கோடு பார்த்து அளக்க ஆள் எதற்கு என்பார். நெடுங்கழியை முன்னால் போட்டு, அதன் முனையிலிருந்து குட்டையைப் பின்னால் போட்டால் ஆறு அடி மிஞ்சும். அது ஒரு பாகம். தோணிக்காரர்கள் பாகக் கணக்கில்தான் கேட்பார்கள். இந்த இரண்டில் வராத நீளமே இல்லை என்று அவர் சொன்னதைக் கடையும் நம்பியது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநான்கில் புதுத் துறைமுக வேலையிலிருந்து ஒருவர் பத்து அடித் துண்டு கேட்டார். அருமைநாயகம் மத்தியானம் வரை கழிகளைப் புரட்டினார். ஒன்பது வந்தது, பன்னிரண்டு வந்தது. பத்து வரவில்லை.

புதிதாகச் சேர்ந்திருந்த பாஸ்கல் கயிறு சுற்றிக்கொண்டே சொன்னான். "வராது அண்ணாச்சி. ரெண்டு கழியும் மூணால வகுபடுதுல்லா? கூட்டினாலும் கழிச்சாலும் மூணோட மடங்குதான் வரும்."

"நீ எத்தன தடவ போட்டுப் பாத்த?"

"போடவே இல்லியே."

அந்தப் பதில் அவரைச் சுட்டது. பதினெட்டு வருடம் குனிந்த முதுகு அறியாததை, அவன் உட்கார்ந்த இடத்திலிருந்தே அறிந்திருந்தான்.

சாயங்காலம் நெடுங்கழியை ஆசாரியிடம் கொண்டுபோய் ஓரடி அறுத்துவந்தார். மறுநாள் குட்டையை இருமுறை முன்னால், நெடியதை ஒருமுறை பின்னால் போட்டார். பத்து அடி.

"வராதுன்னியேலே?"

பாஸ்கல் கழியின் புது முனையைப் பார்த்தான். மறுபடி கயிறு சுற்றப் போனான். அதையும் அவரால் தாங்க முடியவில்லை.

அடுத்து, தோணி ஓட்டும் மரியான் தண்டல் வந்து இரண்டு பாகம் கேட்டார். பன்னிரண்டு அடி. பத்து வந்தது, பதினைந்து வந்தது. பன்னிரண்டு வரவேயில்லை. இருபதும் பதினைந்தும் ஐந்தின் மடங்கைத் தவிர வேறெதையும் தராது.

"என்ன நாயகம், அதுக்குள்ள கொழும்பு போயிட்டு வந்துரவா?"

முதலாளி சங்கரபாண்டியன் எழுந்து வந்து கழியைத் தூக்கிப் பார்த்தார். "அறுத்தது யாரு?"

அருமைநாயகம் குனிந்து கயிற்று நுனியை முடிந்தார். பாஸ்கல்தான் பேசினான். "நான்தான் மொதலாளி. இன்னும் ஓரடி அறுத்துட்டா, பத்தொம்பதுக்கும் பதினஞ்சுக்கும் ஒண்ணத் தவிர பொதுவா வகுக்குற எண்ணு கிடையாது. எந்த நீளமும் வந்துரும்."

"கடைக் கழியத் தொட ஒனக்கு யாருலே சொன்னா? நாளையிலேருந்து வராத."

தண்டல் சிரித்தார். பாஸ்கல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அருமைநாயகம் கேட்காமலே, அவர் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது.

மறுநாள் காலை அருமைநாயகம் கழிகளோடு பாஸ்கல் வீட்டு வாசலில் நின்றார். நெடுங்கழி பத்தொன்பது அடியாகியிருந்தது. அறுத்தவர் தான்தான் என்று முதலாளியிடம் ஏற்கெனவே சொல்லி, அவனைத் திரும்ப அழைக்கச் சம்மதம் வாங்கி வந்திருந்தார். இதை நல்ல மனசு என்று எழுத எனக்குத் தயக்கம். பிற்பாடும் பாஸ்கல் அளக்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் அன்று கடையில் கழிகளை அவனிடம் கொடுத்துவிட்டுக் கயிறு சுற்ற உட்கார்ந்தவர், முதலாளியே கூப்பிட்டும் மறுபடி அளக்க எழவில்லை.