நடுவில் நீளும் கை

எனக்கு லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் ஒல்லியான மனிதர். எந்த வெயிலிலும் காக்கிச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருப்பார். நான் பழகியது பக்கப்பலகை இல்லாத நீளமான லாரி. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைவரை அவரோடு ஓட்டிப் பழகினேன். அவர் சரியென்று சொன்னால்தான் எனக்கு வேலை.

நான் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம், இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும் அவருடைய கை எங்களுக்கு நடுவே காலியாக இருந்த இடத்துக்கு நீளும். ஸ்டியரிங்கைப் பிடுங்கத்தான் வருகிறார், எனக்கு இந்த வேலை கிடைக்காது என்று உள்ளுக்குள் மருகிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மலையிறங்கும்போது கேட்டேவிட்டேன்.

“நான் தப்பா ஓட்டுறனாங்க?”

“நீ நல்லாத்தாம்மா ஓட்டுற. இது எம் பொண்ணுக்கு.”

புரியாமல் அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

“ரோட்டப் பாரு. லீவு வுட்டா எங்கூட வந்துடும். இங்கதான் குந்திக்கினு, வாய் ஓயாம பேசிக்கினு வரும். ஒரு வாட்டி திடீர்னு பிரேக் போட்டேன். கை எட்டல.”

அடுத்த வளைவில் பிரேக்கைத் தொடாமல், கியரைக் குறைத்தே வண்டியை இறக்கினேன். அதற்கடுத்த வளைவிலும் அப்படியே செய்தேன்.

“இன்னாம்மா, எனக்குப் பாவம் பாக்குறியா? பிரேக் போடு.”

போட்டேன். கை நீண்டது.

அந்த இரண்டு வளைவுகளில் அதை நீளவிடாமல் செய்தது அவருக்கு ஆறுதலா, அவரிடம் மிச்சமிருந்த ஒன்றையும் பிடுங்கப் பார்த்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.